நீ சொல்லாமல் விட்ட பாதி

நாகர்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் மூட்டுவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். அத்தானுடைய இடமாற்றம் இன்னும் முடிவாகவில்லை. பின்பக்கத்துச் சுவர் விஷயத்தில் சித்தப்பா இறங்கி வந்துவிட்டார், நீ இனி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேறு விசேஷம் இல்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ “அப்புறம்?” என்று கேட்டதும் நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள். மஸ்கட்டில் இருந்த 14 வருஷமும் உங்களோடு நான் எழுதித்தான் பேசினேன். எனக்கு அதுதான் வரும். இதை உன் ஆபீஸ் முகவரிக்குப் போடுகிறேன். என்னிடம் நிச்சயமாக இருக்கிற முகவரி அது ஒன்றுதான்.

கடைசியாக மூன்று தடவை நீ வீடியோவில் வந்தபோதும் உன் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் இருந்தது. முன்பெல்லாம் ஜன்னலில் அந்த மஞ்சள் விளக்கு தெரியும். பாப்பு அதன் ஒயரைப் பிடித்து இழுப்பதும் மருமகள் அதட்டுவதும் கேட்கும். ஆபீஸ் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாம், குளிரில் அலைச்சல் மிச்சம் என்று. அம்மா அதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை அரிசி போட்டுக் கஞ்சியாவது வைத்துக் குடி.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கியூபாக்காரரைப் பற்றி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதம் நாங்கள் ஸ்டாக்ஹோம் வந்திருந்தபோது, ஒரு நாள் என்னை மட்டும் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு நம் ஊர் நாலு மணி வெயில் அடித்தது. தண்ணீர்க் கரையோரமாகவே நடந்தோம். எனக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்றதால் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். நான் வெளியே வந்தபோது, அங்கே மூடிக் கிடந்த ஒரு பியானோவின் பக்கத்தில் நீ நின்றிருந்தாய். மூடியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

“பேபோ வால்டெஸ் என்று ஒருத்தர்ப்பா. கியூபாவில் பெரிய கை. இந்த ஊருக்கு வந்து 30 வருஷம் ஹோட்டல்களில் பியானோ வாசித்தார். சாப்பிட வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியாது” என்றாய். நான் “பாவம்” என்றேன். “பாவமெல்லாம் இல்லப்பா” என்று சொல்லிவிட்டு நீ முன்னால் நடந்துவிட்டாய். பேச்சு அதோடு முடிந்தது.

போன மாதம் அந்தப் பேர் எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்தது. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அக்கா மகன் போனில் தேடிக் கொடுத்தான். தூக்கம் வராத ராத்திரியெல்லாம் அவரைப் பற்றிப் படித்தேன், அவர் வாசித்ததைக் கேட்டேன். இப்போது அவரைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். நீ எனக்குச் சொல்லாமல் விட்டது என்ன என்பதும் தெரியும்.

1918 அக்டோபர் 9, ஹவானாவுக்குத் தெற்கே கிவிக்கான் என்கிற சின்ன ஊரில் பிறந்திருக்கிறார். நீ “பெரிய கை” என்றது குறைவுதான். 1948இலிருந்து 1957 வரை ட்ரோப்பிக்கானா கிளப்பில் பியானோ அவர்தான், எந்த வாத்தியம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று பிரித்து எழுதிக் கொடுப்பதும் அவர்தான். மரங்களுக்கு நடுவே, திறந்த வானத்துக்குக் கீழே மேடை போட்ட கிளப் அது. 1952இல் ஊரே மாம்போ மாம்போ என்று ஆடிக்கொண்டிருந்தபோது, இவர் பத்தாங்கா என்று ஒரு புதுத் தாளத்தை உண்டாக்கினார். அங்கே கறுப்பின மக்கள் சாமி கும்பிடும்போது அடிக்கிற பத்தா மேளத்தை எடுத்து வந்து, டிரம்பெட்டும் சாக்ஸபோனுமாக இருக்கிற பெரிய பேண்டுக்கு நடுவில் உட்கார வைத்தார். முத்தாரம்மன் கோயில் மேளத்தைத் தூக்கி வந்து நம் சபைப் பாடகர் குழுவுக்கு நடுவே வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அந்தத் தாளம் மாம்போ மாதிரி நிலைக்கவில்லை. ஆனாலும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. 1958இல் நாட் கிங் கோல் என்கிற அமெரிக்கப் பாடகர் ஸ்பானிஷில் பாடி ரெக்கார்டு போட ஹவானா வந்தபோதும் பியானோவில் உட்கார்ந்தவர் இவர்தான்.

நீ சொல்லாமல் விட்டது அவருடைய மகனை. சூச்சோ வால்டெஸ். 1941இல் பிறந்தவர், அதுவும் அக்டோபர் 9தான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே பிறந்தநாள்.

சூச்சோ பல இடங்களில் சொல்லியிருக்கிற ஒரு கதை உண்டு. உனக்கு இது தெரியாமல் இருக்காது. ஒரு நாள் பேபோ வேலைக்குக் கிளம்பிப் போகிறார். எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறார். உள்ளே பியானோ சத்தம் கேட்கிறது. யார் வாசிக்கிறார்கள் என்று வந்து பார்த்தால் மூன்று நான்கு வயதுப் பொடியன், யாரும் சொல்லிக் கொடுக்காமல், இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டிருக்கிறான். தகப்பன் தினமும் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் படித்த ராத்திரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பாப்புவுக்கு இப்போது நான்கரை வயது. நீ வாசிக்கும்போது உன் மடியில் ஏறிக்கொண்டு கறுப்புக் கட்டையாகத் தேடித் தேடி அமுக்குவானே. இப்போது அந்தக் கீபோர்டு யாரிடம் இருக்கிறது, உன்னிடமா, அவனிடமா?

சரி, அது இருக்கட்டும். சூச்சோ வளர்ந்து, தகப்பனுடைய ‘சபோர் தெ கூபா’ என்கிற பேண்டிலேயே பியானோ வாசித்தார். தகப்பன் நடத்துகிற பேண்டில் பிள்ளை வாசிப்பது என்றால் அது எவ்வளவு பெரிய சந்தோஷம். நம் சபையில் கிறிஸ்மஸ் கேரலுக்கு நீ முதன்முதலாக வாசித்த அன்று பின் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை, ஆச்சி சொன்னாள். நான் அந்தக் கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காமல் அங்கேயே இருந்தேன். இவ்வளவும் ஆச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

(ஆச்சி அடக்கத்துக்கு நீ வராததைப் பற்றிப் பேச மாட்டேன் என்று அன்றைக்கே சொன்னேன். பேசவில்லை.)

1959இல் அங்கே புரட்சி வந்து அரசாங்கம் மாறியது. பேபோவுக்கு அது ஒத்துவரவில்லை. 1960 அக்டோபர் 26, ரோலாந்தோ லா செரியே என்கிற பாடகரோடு மெக்சிகோவுக்குப் புறப்பட்டார். இரண்டு பேருடைய பிறந்தநாளும் கழிந்து பதினேழாவது நாள். அவருக்கு 42, மகனுக்கு 19. போனவர் போனவர்தான். கடைசி மூச்சு வரை கியூபா மண்ணை மறுபடி மிதிக்கவே இல்லை.

அரசியலில் யார் சரி, யார் தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். பெட்டியைக் கட்டுகிற அன்று எந்தத் தகப்பனும் திரும்பி வர மாட்டேன் என்று நினைத்துக் கட்டுவதில்லை. நான் 1990இல் போகும்போது இரண்டு வருஷம் என்றுதான் சொன்னேன். உனக்கு அப்போது ஒரு வயது. வீட்டுக் கடன் அடையட்டும், அக்கா கல்யாணத்துக்குக் கொஞ்சம் சேரட்டும், மாடி எடுத்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக வந்து 14 வருஷம் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. மொத்தம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது. போன வாரம் பேப்பரில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன்.

பேபோ மெக்சிகோவிலிருந்து ஐரோப்பா போனார். ஒரு கியூபா பேண்டோடு ஊர் ஊராகச் சுற்றி, 1963இல் ஸ்டாக்ஹோம் வந்தவர் அங்கே ரோஸ் மரியே என்கிற பெண்ணைப் பார்த்து, அந்த வருஷமே கல்யாணம் செய்து, அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டுச் செலவுக்கு ஹோட்டலிலும் ரெஸ்டாரண்டிலும் பியானோ. நீ எனக்குச் சொன்னது இந்த இடத்தைத்தான். ட்ரோப்பிக்கானாவில் முழு பேண்டுக்கும் எழுதிக் கொடுத்த மனுஷன், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து கேட்கிற பாட்டை வாசித்துக்கொடுத்தார். நீ “பாவமெல்லாம் இல்லப்பா” என்றாயே, அது சரிதான். குடும்பத்துக்காக ஒருவன் செய்கிற வேலையில் பாவம் பார்க்க ஒன்றுமில்லை. நானும் மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர் வேலையை முகம் சுளித்துச் செய்ததில்லை.

ஆனால் அந்த முப்பது வருஷத்தில் ஹவானாவில் அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான்? அதைத்தான் நீ சொல்லவில்லை.

அந்தப் பையன் தகப்பன் இல்லாமலே வாசித்தான். 1973இல் இராக்கெரே என்று ஒரு குழுவை உண்டாக்கினான். தகப்பன் 1952இல் பேண்டுக்கு நடுவே உட்கார வைத்த அதே பத்தா மேளம் இவனுடைய குழுவிலும் இருந்தது. இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இல்லாத தகப்பனுடைய கை, மகனுடைய கையில் இருந்திருக்கிறது.

1978இல் இராக்கெரே நியூயார்க் வந்து கார்னகி ஹாலில் வாசித்தது. பேபோ அங்கே போனார். பதினெட்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் மகனைப் பார்க்கிறார். விட்டுவிட்டுப் போனபோது 19 வயதுப் பையன். பார்த்தபோது 36 வயது ஆள். தம்பி, இப்போது உன் வயது 36.

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் தேடவில்லை. 2004இல் நான் ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று நீ வாசலில் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, “டீ குடிக்கிறீங்களா?” என்று கேட்டாய். விருந்தாளியைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டாய். உனக்கு அப்போது 15. நானும் “சரி” என்றேன். அதற்கு மேல் நமக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். மருமகளுக்கும் உனக்கும் நடுவில் என்னவாக இருந்தாலும் அது உங்கள் விஷயம், நான் தலையிட மாட்டேன். யார் பக்கமும் பேச மாட்டேன். ஆனால் வாரத்துக்கு ஒரு நாளாவது பாப்புவைப் போய்ப் பார். போனில் முகம் காட்டுவது கணக்கில் வராது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

போன மாதம் நடந்ததை இப்போது சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் மூன்று நாளாகப் பேப்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

மழை ஒழுகுகிறது என்று மச்சில் கிடந்த என்னுடைய மஸ்கட் பெட்டியை இறக்கினோம். அடியில் பழைய சட்டைகளுக்கு நடுவே ஒரு கேசட். மேலே உன் கையெழுத்து. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ‘அப்பாவுக்கு, நான் வாசித்தது’ என்று எழுதியிருந்தது. 1999இல் அனுப்பினாய், உனக்குப் பத்து வயது. நான் வாங்கி அனுப்பிய காசியோ கீபோர்டில் நீ வாசித்ததை அம்மா டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்பிய ஒருவரிடம் கொடுத்துவிட்டாள்.

தம்பி, நான் அதைக் கேட்கவே இல்லை.

ரூமில் டேப் ரெக்கார்டர் இல்லாமல் இல்லை, இருந்தது. அடுத்த கட்டில்காரர் கேட்டால் கொடுத்திருப்பார். வந்த அன்றைக்கு ஓவர்டைம். வெள்ளிக்கிழமை நிதானமாகக் கேட்கலாம் என்று எடுத்து வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை துணி துவைத்தேன், தூங்கினேன். அடுத்த வெள்ளியும் அப்படியே போயிற்று. அப்புறம் அது பெட்டிக்கு அடியில் போய்விட்டது. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அம்மா என்னுடைய கடிதங்களை எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். அந்த வருஷத்துக் கட்டை எடுத்துப் பார்த்தேன். உனக்கு எழுதியிருக்கிறேன்: ‘உன் கேசட் கிடைத்தது. மிகவும் நன்றாக இருந்தது. இங்கே எல்லாரும் கேட்டுப் பாராட்டினார்கள். கணக்கில் 61 வாங்கியிருக்கிறாயே, ஏன்?’

வடசேரியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவரிடம் கேசட்டைக் கொண்டுபோனேன். பூஞ்சை பிடித்திருந்தது. பஞ்சால் துடைத்துச் சரிசெய்ய எட்டு நாள் ஆயிற்று. கடையிலேயே போட்டுக் காட்டினார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு ‘கர்’ சத்தம். அப்புறம் நீ. “அப்பா, நல்லா இருக்கீங்களா? இப்ப இடது கை மட்டும் வாசிக்கிறேன்.” வாசிக்கிறாய். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. ஆச்சி யாரையோ கூப்பிடுகிறாள். நீ “உஷ்” என்கிறாய். பிறகு இரண்டு கையும் சேர்த்து அந்தக் கேரல் பாட்டு முழுவதும். முடிந்ததும் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாயோ என்னவோ, ரகசியமாகச் சொல்கிறாய்: “அப்பா, ஒரு எடத்துல வேணும்னே தப்பா வாசிச்சிருக்கேன். எந்த எடம்னு கண்டுபிடிச்சு எழுதுங்க.”

நான் ‘மிகவும் நன்றாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன்.

அப்படியென்றால் பத்து வயதிலேயே உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நீ யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு நீ எனக்குக் கேசட் அனுப்பவும் இல்லை. ‘கீபோர்டு நன்றாகப் பழகுகிறான்’ என்று அம்மாதான் எழுதுவாள். அன்றைக்கு அந்த ஹோட்டலில் பேபோவைப் பற்றி என்னிடம் சொன்னபோதும் நீ சூச்சோவை மறைத்துவிட்டாய். தகப்பனுடைய பெருமையை மட்டும் சொன்னாய். மகனுடைய பதினெட்டு வருஷத்தைச் சொன்னால் எனக்குத் தைக்கும் என்று விட்டுவிட்டாய். ரேடியோ கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தக் கியூபாக்காரருடைய பேர் எனக்கு ஞாபகம் வந்தது. பியானோ மூடியின் மேல் இருந்த உன் கைதான் முதலில் ஞாபகம் வந்தது, அப்புறம் அந்தப் பேர்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்பாய். அதனால் எழுதவில்லை. ரிப்பேர்காரர் கேசட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். தினமும் கேட்கிறேன். பதினோரு நிமிஷம் இருக்கிறது.

பேபோவின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994இல், ஒரு காலத்தில் சூச்சோவோடு இராக்கெரேயில் சாக்ஸபோன் வாசித்த பக்கீத்தோ டி ரிவேரா, பேபோவைக் கூப்பிட்டு ஜெர்மனியில் ஒரு ரெக்கார்டு போட வைத்தார். அப்போது பேபோவுக்கு 76. உலகம் அவரைத் திரும்பக் கண்டுபிடித்தது என்று எழுதுகிறார்கள். 2003இல் டியேகோ எல் சிகாலா என்கிற ஃபிளமெங்கோ பாடகரோடு அவர் போட்ட ‘லாக்ரிமாஸ் நெக்ராஸ்’ உலகம் முழுவதும் போயிற்று. கறுப்புக் கண்ணீர் என்று அர்த்தமாம். விருதெல்லாம் வந்தது. சந்தோஷம். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதை இல்லை.

2000இல் ஃபெர்னாண்டோ ட்ருயேபா என்கிற ஸ்பெயின் நாட்டு இயக்குநர் எடுத்த ஆவணப்படத்தில், தகப்பனும் மகனும் எதிரெதிரே இரண்டு பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எர்னெஸ்தோ லெக்குவோனாவின் ‘லா கொம்பார்ஸா’. திருவிழா ஊர்வலம் ஒன்று தூரத்திலிருந்து வந்து, நம்மைத் தாண்டி, மறுபடி தூரமாகப் போவதுதான் அந்தப் பாட்டு. கோட்டாறு சவேரியார் கோயில் தேர் வரும்போது முதலில் எங்கேயோ கேட்கிற மாதிரி இருக்கும், பிறகு தெருவே அதிரும், பிறகு பார்த்தால் தேய்ந்து தேய்ந்து காற்றோடு போய்விடும், அதே மாதிரி. எனக்கு ஜாஸ் தெரியாது. ஆனால் ஒருத்தர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், மற்றவர் அந்த இடத்தில் வந்து நிற்கிறார் என்பது என் காதுக்கே தெரிகிறது. தகப்பனுக்கு அப்போது 80 தாண்டிவிட்டது, மகனுக்குக் கிட்டத்தட்ட 60. எழுபதுகளில், எண்பதுகளில் வாசித்திருக்க வேண்டியதை எல்லாம் அந்த ஒரு பாட்டுக்குள் வாசிக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் மட்டும் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார்கள், 2008இல். ‘ஹூந்தோஸ் பாரா சியெம்ப்ரே’. என்றென்றும் சேர்ந்தே என்று பேர் வைத்தார்கள். 2010இல் அதற்கு கிராமி கிடைத்தது, பேபோவுக்கு 91 வயது. கடைசிக் காலத்தில் ஸ்பெயினில் மலாகா பக்கம் இருந்தார். நினைவு தப்பும் நோய் வந்துவிட்டது. 2013 மார்ச் 22, ஸ்டாக்ஹோமில்தான் காலமானார், 94 வயதில். என்றென்றும் என்று அவர்கள் சொன்னதற்குக் கிடைத்தது கொஞ்ச வருஷம்தான். அதுவும் கிடைத்ததே பெரிது. அந்த மனுஷன் 94 வரை இருந்தார், அதனால் கிடைத்தது. எனக்கு இப்போதே சுகர் 240.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் செய்ததை நீ செய்கிறாய் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கடல் குறுக்கே இருந்தது, உனக்கு அரை மணி நேர ரயில்தான். வாரத்துக்கு ஒரு நாள் போ. முடிந்தால் இரண்டு நாள். அவன் எதையாவது வாசித்துக் காட்டினால் உட்கார்ந்து முழுதும் கேள். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொல்லாதே, எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. மூன்றாவது சரணம், இரண்டாம் வரி முடிகிற இடம். வலது கை மேலே போகிறது, இடது கை மாறாமல் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறது. இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் தப்பு வருகிறது. அங்கெல்லாம் நீ “ச்சே” என்று நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறாய். இங்கே மட்டும் நிறுத்தாமல் போய்விடுகிறாய். ஆகவே வேணும்னே விட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சரியா? தப்பாக இருந்தால் எழுது, மறுபடி கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா முந்திரிக்கொத்துக்கு வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறாள். இரண்டு டப்பாவாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று பாப்பு வீட்டுக்கு, ஒன்று உனக்கு. எதற்கு இரண்டு என்று கேட்டாள், ஒன்று வழியில் உடைந்தால் என்ன செய்வது என்று சொல்லிச் சமாளித்தேன். நீ இருக்கிற ரூமின் முகவரியை எனக்கு மட்டும் அனுப்பு. கதவு நம்பரும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா